ஊர் இருக்கும் கடற்கரைகள்

பிலிப்பைன்ஸில் மொத்தம் 7,641 தீவுகள். 2016இல் அந்நாட்டு வரைபடத் துறை புதிதாக எண்ணி அறிவித்த கணக்கு இது. அதுவரை பாடப்புத்தகங்களில் 7,107 என்றே இருந்தது. விளம்பரங்களில் இந்தத் தீவுகள் ஆளரவமற்ற வெண்மணல் பரப்புகளாகத்தான் தெரியும்: ஒரு தென்னை, ஒரு படகு, தெளிந்த கடல். ஆனால் அங்கே போகும் கப்பலில் ஏறி உட்கார்ந்தால் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஊருக்குப் போகிறவர்கள். மணிலாவில் கடை வேலை பார்க்கும் பெண், துபாயிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் எலக்ட்ரீஷியன், செபு நகரில் நர்சிங் படிக்கும் பிள்ளை. அவர்களோடு அரிசி மூட்டை, பிஸ்கட் டின், கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள், காற்றுத் துளை போட்ட பெட்டிக்குள் ஒரு சண்டைச் சேவல். நாம் குளிக்கப் போகும் கடற்கரை அவர்களுடைய சொந்த ஊர்.

நாட்டின் நடுப்பகுதியில் இருக்கும் விசயாஸ் தீவுகளில் அப்படி ஊருக்குப் போகிறவர்களோடு பஸ்ஸிலும் கப்பலிலுமாகச் சுற்றி வந்தேன். செபு, பந்தயான், போஹோல், ஆப்போ. ஒவ்வொரு கரையிலும் கண்ணில் பட்டது ஒன்றுதான்: ஊர் உயிரோடு இருக்கும் இடத்தில்தான் கடற்கரையும் நன்றாக இருக்கிறது.

வடக்கே போகும் பஸ்

செபு நகரம் வரலாற்றில் கனத்த இடம். 1521இல் கடலோடி மகெல்லன் இங்கே வந்தார். அவர் கொடுத்த குழந்தை இயேசு சுரூபம் இன்றும் இங்குள்ள பேராலயத்தில் இருக்கிறது. எதிரே தெரியும் மக்தான் தீவில் அதே ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி அத்தீவின் தலைவரான லாபுலாபுவின் ஆட்கள் மகெல்லனைக் கொன்றார்கள். இன்று செபு விமான நிலையம் இருப்பது அந்தத் தீவில்தான். ஊரின் பெயரே லாபுலாபு நகரம்.

பந்தயான் தீவுக்குச் செபுவின் வடக்குப் பேருந்து நிலையத்தில் பஸ் பிடிக்க வேண்டும். ஹக்னாயா துறைக்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும். கரும்புத் தோட்டங்கள், கடலோரச் சிற்றூர்கள், ஒவ்வொரு ஊரிலும் ஒரு கோயில், ஒரு கூடைப்பந்து மைதானம். வழியில் ஏறும் வியாபாரிகளிடம் அவித்த நிலக்கடலையும் பூசோவும் கிடைக்கும். பூசோ என்பது தென்னங்குருத்தோலையை வைரம்போல் முடைந்து, அதற்குள் அரிசி போட்டு வேகவைத்த சோறு. கத்தியால் இரண்டாகப் பிளந்து, ஓலையைத் தட்டாக வைத்துக்கொண்டு கையாலேயே சாப்பிடுகிறார்கள். ஓலை வாசம் ஏறிய அந்தச் சோற்றுக்குக் கரியில் சுட்ட கோழி ஒரு துண்டு போதும்.

இந்தச் சாலை போகோ வழியாகப் போகிறது. 2025 செப்டம்பர் 30 இரவு போகோவுக்கு அருகே கடலடியில் 6.9 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கம் எழுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. வட செபுவின் பழைய கற்கோயில்கள் சில இடிந்தன. இந்த நாட்டில் ஊர் என்பது திரும்பத் திரும்பக் கட்டி எழுப்பப்படுவது. பயணி அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

பந்தயான்: காயும் மீன், நிற்கும் சப்பரம்

ஹக்னாயாவிலிருந்து லாரியும் வேனும் ஏற்றிச் செல்லும் கப்பலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். டிக்கெட் வாங்கும்போது பெயரும் வயதும் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தக் கப்பலில் யார் யார் போகிறார்கள் என்ற பட்டியல் துறையில் இருக்கும். புயல் எச்சரிக்கை முதலாம் எண்ணுக்கு ஏறினாலே சிறு படகுகளைக் கடலோரக் காவல்படை விடாது. துறையிலேயே படுத்துக் காத்திருக்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். யாரும் சண்டை போடுவதில்லை. கடலின் குணம் அவர்களுக்குத் தெரியும்.

தீவில் மூன்று ஊராட்சிகள்: கப்பல் வந்து நிற்கும் சாண்டா ஃபே, நடுவே பந்தயான், வடமுனையில் மத்ரிதேஹோஸ். வெண்மணல் கடற்கரை சாண்டா ஃபேயில். மாவுபோல் நுணுகிய மணல், வெகுதூரம் வரை இடுப்பளவே ஆழம். குழந்தைகளோடு குளிக்க இதைவிட நல்ல கரை கிடைப்பது கடினம். ஆனால் தீவின் வாழ்க்கை அதற்கு வடக்கே, மீன் காயும் முற்றங்களில் இருக்கிறது.

தங்கித் என்று அவர்கள் சொல்லும் மீன் நம் கடற்கரைகளில் ஓரா எனப்படும் வகையைச் சேர்ந்தது. விடியுமுன் படகு வந்ததும் பெண்கள் தாழ்வான பலகைகளைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். ஓராவின் முதுகு முள்ளில் விஷம் உண்டு, குத்தினால் கை வீங்கிவிடும். அதனால் வேகமும் வேண்டும், கவனமும் வேண்டும். கத்தி முதுகு வழியாக ஒரே இழுப்பில் இறங்குகிறது. குடலை எடுத்து, வயிற்றுத்தோல் அறுபடாமல் மீனைப் புத்தகம்போல் விரிக்கிறார்கள். உப்புநீரில் ஒரு முக்கு, பிறகு மூங்கில் தட்டியில் வரிசையாக அடுக்குகிறார்கள். நல்ல வெயிலென்றால் சாயங்காலத்துக்குள் காய்ந்து சலசலக்கிறது. எண்ணெயில் போட்ட சில நொடிகளில் எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் கசக்கும். பூண்டு தாளித்த சோறு, ஒரு முட்டை, மிளகாயும் பூண்டும் ஊறிய தென்னங்காடி, நான்கு தங்கித்: செபுக்காரர்களின் காலைச் சாப்பாடு இது. ஊருக்கு வந்து திரும்புகிற எவரும் இதை ஒரு கட்டு வாங்காமல் கப்பல் ஏறுவதில்லை. அலுவலக நண்பர், வீட்டுக்காரர், பக்கத்து அறைத் தோழி என்று எல்லோருக்கும் பங்கு உண்டு.

புனித வாரத்தில் தீவு நிரம்பி வழியும். பந்தயான் ஊரின் புனித பேதுரு பவுல் ஆலயம் பவளக்கல்லால் கட்டியது. பாடுகளின் காட்சிகளைத் தாங்கிய சப்பரங்கள் அங்கிருந்து பவனி புறப்படும். அந்தச் சுரூபங்கள் கோயிலின் சொத்து அல்ல, குடும்பங்களின் சொத்து. தாத்தா காலத்துச் சுரூபத்தை வருடம் முழுவதும் வீட்டில் வைத்துப் பாதுகாத்து, புனித வாரத்தில் உடை உடுத்தி, பூவும் விளக்கும் வைத்துத் தெருவில் இறக்குகிறார்கள். சப்பரத்தைத் தள்ள வேண்டும் என்பதற்காகவே வெளிநாட்டிலிருந்து விடுப்பு எடுத்து வரும் பிள்ளைகள் உண்டு. அந்த வாரம் மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. அதனால் பெரிய வெள்ளியிலும் இறைச்சி சாப்பிட முன்னொரு காலத்தில் போப்பாண்டவர் அனுமதி கொடுத்தார் என்று ஊரார் சொல்கிறார்கள்.

2013 நவம்பர் 8ஆம் தேதி யோலாண்டா புயல் பிலிப்பைன்ஸில் ஆறு இடங்களில் கரை தொட்டது. அவற்றில் ஒன்று பந்தயான். வீடுகளின் கூரைகளும் மீன்படகுகளும் தீவின் பிழைப்புக்கு ஆதாரமான கோழிப் பண்ணைகளும் ஒரே நாளில் போயின. மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு நாங்கிடம் (மூத்த பெண்களை அங்கே அப்படித்தான் மரியாதையாக அழைக்கிறார்கள்) அதைப் பற்றிக் கேட்டேன். "முதலில் படகைக் கட்டினோம். வீடு பிறகுதான். படகு இருந்தால் வீடு வந்துவிடும்" என்றார். அவர் கை நிற்கவே இல்லை.

போஹோலின் மே மாதம்

செபு துறையிலிருந்து விரைவுப் படகில் இரண்டு மணி நேரத்தில் போஹோலின் தலைநகர் தக்பிலாரன். பயணிகள் இந்தத் தீவுக்கு வருவது சாக்லேட் குன்றுகளுக்காகவும், உள்ளங்கையில் அடங்கும் பெருங்கண் விலங்கான டார்சியருக்காகவும், பங்லாவ் தீவின் கடற்கரைக்காகவும். ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட அந்தச் சுண்ணாம்புக்கல் குன்றுகள் கோடையில் புல் காய்ந்து பழுப்பாகும்போதுதான் அந்தப் பெயருக்குப் பொருந்துகின்றன. 2023இல் போஹோல் யுனெஸ்கோவின் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பிலிப்பைன்ஸில் அந்தத் தகுதி பெற்ற முதல் இடம் இது.

ஆனால் போஹோல்காரர்களைக் கேட்டால் மே மாதம் வாருங்கள் என்பார்கள். முதல் தேதி தக்பிலாரனில் புனித சூசையப்பர் திருவிழா. 15ஆம் தேதி உழவர்களின் காவலரான புனித இசிதோர் திருவிழா. இடையிலும் பின்னும் ஏதாவது ஓர் ஊரில், ஏதாவது ஒரு வட்டாரத்தில் தினமும் விழா. தீபாவளிக்கு முந்தின நாள் நம் பேருந்து நிலையங்கள் எப்படியோ, மே மாதம் தக்பிலாரன் துறை அப்படி. மணிலா, செபு, மிண்டனாவோ என எல்லாத் திசையிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள்.

விழா நாளில் வீட்டுக் கதவுகள் திறந்தே இருக்கும். உறவினரின் நண்பர், அவருடைய நண்பர், தெருவில் போகும் வெளியூர்க்காரர் என்று யார் வந்தாலும் சாப்பிடாமல் போக விடமாட்டார்கள். இதற்காகவே மாதக்கணக்கில் வளர்த்த பன்றி கம்பியில் சுழன்று பொன்னிறமாகியிருக்கும். இறைச்சி சாப்பிடாதவருக்கும் தட்டு காலியாக இருக்காது. முருங்கைக்கீரை, பூசணி, வெண்டை, எலுமிச்சைப்புல் போட்டுக் கொதிக்கவைத்த தெளிவான கீரைச்சாறு எந்த வீட்டிலும் கிடைக்கும். மீன் சேர்த்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். போஹோலின் ஊதா வள்ளிக்கிழங்குக்கு இங்கே தனி மரியாதை உண்டு. தவறிக் கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடுவார்கள். பஞ்ச காலத்தில் தங்களைக் காப்பாற்றிய கிழங்கு என்ற நன்றி அது. விழாச் செலவுக்காகக் கடன் வாங்கும் குடும்பங்களும் இருக்கின்றன, பிள்ளைகள் அடுத்த மாதங்களில் அதை அடைக்கிறார்கள். விருந்துக்குப் போகிற நாம் ஒரு பெட்டி பழமோ கேக்கோ கையில் கொண்டுபோவது முறை.

2013 அக்டோபர் 15 காலையில் 7.2 அளவு நிலநடுக்கம் இந்தத் தீவை உலுக்கியது. மரிபோஹோக் கடலோரத்தில் கடலடி நிலமே மேலெழுந்து கரை தள்ளிப்போனது. பக்லாயோன், லோபோக் கோயில்கள் சிதைந்தன. லோவோன் ஊரின் பெரிய பவளக்கல் கோயில் முழுவதுமாகத் தரைமட்டமானது. விழுந்த கற்களைப் பொறுக்கி அடுக்கி, எண்ணிட்டுப் பாதுகாத்து, 2021இல் அதை மீண்டும் திறந்தார்கள். பங்லாவ் தீவுக்குப் போகிறவர்கள் பாலம் தாண்டியதும் வரும் தாவிஸ் கோயிலில் இறங்கிப் பார்க்கலாம். அதன் பீடத்தின் அடியில் ஒரு கிணறு இருக்கிறது, ஊரார் அந்த நீரை மருந்தாக எடுத்துச் செல்கிறார்கள். அடுத்து பங்லாவ் ஊரில், கடற்கொள்ளையரைக் கண்காணிக்கக் கட்டிய காவற்கோபுரம். கடற்கரை என்பது ஒரு காலத்தில் அச்சத்தோடு கண்விழித்திருந்த இடம் என்பதை அந்தக் கோபுரம் எடுத்துச் சொல்கிறது.

அல்பூரில் உப்பு காய்ச்சுகிறார்கள்

தக்பிலாரனுக்குக் கிழக்கே கடலோரச் சாலையில் அல்புர்கெர்கே. ஊரார் சுருக்கமாக அல்பூர் என்பார்கள். அங்கே பழைய முறையில் உப்பெடுக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தேங்காய் மட்டைகளை அலை வந்து போகும் குழிகளில் மாதக்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். உப்பேறிய மட்டையை வெட்டிக் காயவைத்து, நாள்கணக்கில் மெதுவாக எரிக்கிறார்கள். தீ கொழுந்துவிட்டால் கடல்நீரைத் தெளித்து அடக்குகிறார்கள். கிடைக்கும் சாம்பலைக் கூம்பு வடிவ மூங்கில் வடிகூடையில் நிரப்பி, மேலே கடல்நீரை ஊற்ற, அடியில் சொட்டுவது செறிந்த உப்புநீர்.

அடுப்பு நீளமானது, அதன்மேல் சிறு மண்பானைகள் வரிசையாகத் தொங்குகின்றன. உப்புநீர் வற்ற வற்ற அகப்பையால் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் ஊற்றிக்கொண்டிருந்தவர் உட்காரவில்லை. கொட்டகைக்குள் புகையும் ஆவியும் கண்ணை எரிக்கின்றன. கடைசியில் பானையின் அடி வெடித்து விரிசல் விடுகிறது. உள்ளே உப்பு ஒரே உருண்டையாக, முட்டைபோல் இறுகி நிற்கிறது. பாதி உடைந்த பானையோடு அப்படியே விற்கிறார்கள். சுடுசோற்றில் துருவிப் போட்டுத் தந்தார்கள். உப்பின் கூர்மைக்குப் பின்னால் மெல்லிய புகை வாசம் வந்தது.

முன்பு இந்த உருண்டைகளை உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றிக்கொண்டார்கள். 1995இல் விற்பனைக்கு வரும் உப்பில் அயோடின் சேர்ப்பதைக் கட்டாயமாக்கிய சட்டம் வந்தது. குழந்தைகளின் நலனுக்காக வந்த சட்டம், நோக்கம் நல்லது. ஆனால் இப்படிப்பட்ட கைத்தொழில்கள் அதன் கீழ் நசுங்கின. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். மிஞ்சியிருக்கும் சில குடும்பங்கள்தான் இதை மறுபடி தூக்கி நிறுத்தியிருக்கின்றன. பங்லாவ் கடற்கரைக்கு வருகிறவர்கள் அரைநாள் ஒதுக்கி இங்கே வந்து ஓர் உருண்டை வாங்கினால், அந்தப் பணம் நேராக அடுப்படிக்குப் போகிறது.

ஆப்போ: மீனவர்கள் காத்த கடல்

தக்பிலாரனிலிருந்து படகில் நெக்ரோஸ் தீவின் துமகெத்தே நகரத்துக்கு வந்து, தெற்கே மலதபாய் போனால், எதிரே கடலில் சின்னதாகத் தெரிவது ஆப்போ தீவு. மலதபாயில் புதன்கிழமை சந்தை கூடும். மலையிலிருந்து காய்கறியும் மாடும் வரும், கடலிலிருந்து மீன் வரும். ஆப்போ மக்களும் அங்கேதான் வீட்டுச் சாமான் வாங்குகிறார்கள்.

வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடித்ததில் இந்தப் பகுதியின் பவளப் பாறைகள் அழிந்துகொண்டிருந்த காலத்தில், துமகெத்தேயின் சில்லிமன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏஞ்சல் அல்காலா ஆப்போ மீனவர்களிடம் வந்து பேசினார். தீவின் தென்கிழக்குக் கரையில் ஒரு பகுதியை மட்டும் தொடாமல் விடுங்கள், அங்கே பெருகும் மீன் தானாக வெளியே வரும் என்றார். மீன்பிடிக்கும் இடத்தை விட்டுக்கொடு என்றால் எந்த மீனவர் உடனே தலையாட்டுவார்? வருடக்கணக்கில் பேசி, 1982இல் அவர்களே முன்வந்து காப்பகம் அமைத்தார்கள். காவலும் அவர்களே. மீன் பெருகியது, பார்க்க ஆட்கள் வந்தார்கள், நுழைவுக் கட்டணம் ஊருக்கு வந்தது. நாடெங்கும் ஊர்மக்கள் நடத்தும் காப்பகங்களுக்கு ஆப்போ முன்மாதிரியானது. அல்காலாவுக்கு 1992இல் மகசேசே விருது கிடைத்தது. 2023இல் காலமானார்.

இப்போது ஆப்போவின் கரையோரத்தில் மார்பளவு நீரில் முகமூடி போட்டுக் குனிந்தால், பச்சைக் கடலாமைகள் கடற்புல் மேய்வதைப் பார்க்கலாம். தொடக்கூடாது, விலகி நிற்க வேண்டும். ஊர்க்காரர் ஒருவர் கூடவே வந்து அதைக் கண்டிப்பாகச் சொல்கிறார். 2011, 2012 டிசம்பர் மாதப் புயல்கள் காப்பகத்தின் பவளங்களைப் பெயர்த்துப் போட்டன. பெயர்ந்த பகுதியை மூடிவைத்துப் பவளம் தானாக வளரக் காத்திருந்தார்கள். தலைமுறை கணக்கில் யோசிப்பவர்களுக்குத்தான் அந்தப் பொறுமை வரும். நாளைக்கும் இங்கேதான் இருக்கப்போகிறோம் என்பவர்கள் அவர்கள்.

போராகாய் சொல்லும் பாடம்

இதற்கு மறுபக்கமும் உண்டு. நான்கு கிலோமீட்டர் நீள வெண்மணலால் உலகப் புகழ்பெற்ற போராகாய் தீவில் விடுதிகள் நெருக்கியடித்து எழுந்தன, கழிவுநீர் கடலில் கலந்தது. 2018 ஏப்ரல் 26ஆம் தேதி அரசு தீவையே ஆறு மாதம் மூடியது. கரையை ஒட்டிய கட்டடங்கள் இடிக்கப்பட்டன, கழிவுநீர்க் குழாய்கள் சீரமைக்கப்பட்டன, அக்டோபர் 26ஆம் தேதி திறந்தார்கள். நீர் தெளிந்தது உண்மை. அந்த ஆறு மாதமும் வேலையில்லாமல் நின்றவர்கள் படகோட்டிகளும் விடுதிப் பணியாளர்களும். தீவின் ஆதிகுடிகளான ஆத்தி மக்களுக்கு அந்த ஆண்டு நவம்பரில் கொடுத்த நிலப்பட்டாவும் பிறகு தகராறுக்கு உள்ளானது. கடற்கரை முழுவதும் வந்துபோகிறவர்களுக்கென்று ஆகிவிட்டால் அதைக் காக்க ஆளில்லாமல் போகிறது.

பிலிப்பைன்ஸ் நீர்ச் சட்டப்படி கடலோரத்தில் நகரப் பகுதியில் 3 மீட்டர், விளைநிலப் பகுதியில் 20 மீட்டர், காட்டுப் பகுதியில் 40 மீட்டர் அகலம் பொதுமக்களின் பயன்பாட்டுக்கு உரியது. மீனவர் நடக்கவும் படகை இழுத்துப் போடவும் அது அவர்களுடைய உரிமை. விடுதி வேலிகளைத் தாண்டி அந்த உரிமை நிற்க வேண்டும்.

போகிறவர்களுக்கு

2025 ஜூன் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 14 நாள் வரை சுற்றுலாவாகப் போய்வரலாம். ஆறு மாதமாவது செல்லும் பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு ஆகியவை வேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக நேரே செபுவில் இறங்கலாம். மணிலாவைச் சுற்ற வேண்டியதில்லை. மார்ச் முதல் மே வரை கடல் பொதுவாக அமைதி. ஒரு பெசோ சுமார் ஒன்றரை ரூபாய்.

ஒரே தீவில் ஒரு பெரிய விடுதியில் அடைந்து கிடக்காமல், ஊர்க்காரர்கள் நடத்தும் சிறு விடுதிகளில் தங்குங்கள். ஊர்க் கப்பலில் ஏறுங்கள். கோயில் திருவிழா எங்கே என்று கேட்டுக்கொண்டு போங்கள். மீனும் உப்பும் அதைச் செய்கிறவர் கையிலிருந்தே வாங்குங்கள். பவளத்தை மிதிக்காதீர்கள், ஆமையைத் தொடாதீர்கள், சிப்பியைக்கூட எடுத்துவராதீர்கள். நாம் செலவிடும் பணம் அந்த ஊரின் பிள்ளைகள் ஊரிலேயே இருக்க உதவினால், அந்தக் கடற்கரை நம் பேரப்பிள்ளைகள் போகும்போதும் இருக்கும்.